பத்தாவது பொட்டலம்

சுல்மா ஒரு துண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுருட்டி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டதை, பெர்லா தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

அதுவும் எந்த நாளில்? நாளைச் சாயங்காலம் பாஸ்கா, புளித்த ரொட்டியே ஆகாத யூதப் பண்டிகை. காலைச் சாப்பாட்டுக்கான ரொட்டி மட்டும் மேஜைமேல் மூடியிருக்கிறது. அதைத் தவிர வீட்டில் ஒரு தூள்கூட இருக்கக் கூடாதென்று மெத்தை முதல் சட்டைப்பை வரை ஒரு மாதமாக உதறிக் கொட்டியாயிற்று.

'புத்தி போகுது பாரு!' பெர்லா பல்லைக் கடித்தாள். தம்பி மார்க்கோஸ் எங்கோ வடக்கே கொர்ரியென்தெஸ் மாகாணத்திலிருந்து கூட்டி வந்தவள். அவனுக்காக மதம் மாறி, வருஷக்கணக்காக இந்த வில்லா கிரெஸ்போ பேட்டை வீட்டில் மாமனார் மாமியாரோடுதான் இருக்கிறாள். மதம் மாறினால் நாக்கும் மாறிவிடுமா என்ன?

இப்போதே கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிப்பாள். கையும் களவுமாகப் பிடிப்போம் என்று பெர்லா வாயை மூடிக்கொண்டாள்.

கூடத்தில், பெர்லா வந்ததும் தன் கைப்பையை வீசிய நாற்காலிக்குப் பக்கத்தில் அம்மா ஃபோர்த்துனா மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். பத்துத் துண்டு ரொட்டியைப் பத்துப் பொட்டலமாக்கி, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நூலால் இரண்டு முடிச்சுப் போட்டு, வீடு முழுக்க ஒளித்துவிட்டு வந்திருந்தாள். இருட்டியதும் அப்பா மெழுகுவத்தியோடு தேடுவார். பத்தும் கிடைத்தாக வேண்டும். காலையில் எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு எரிப்பார்கள்.

"எங்கெங்கே வெச்சேன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"இல்லாம? என்னை என்ன கிழவின்னு நெனச்சியா?"

"அடுப்பை அணைக்காமத் தூங்கினது யாராம்? போன வாரம் சொன்னதுதான். ஒரு பொட்டலம் குறைஞ்சாலும் திங்கட்கிழமை முதியோர் இல்லத்துல பேசிடுவேன். அப்பாவால உன்னைக் கட்டி மேய்க்க முடியாது."

அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"நான் கூடவே இருக்கேனே அக்கா, பாத்துக்க மாட்டேனா?" என்றாள் சுல்மா.

"உன்னை யாரு கேட்டா?"

விளக்குகளை அணைத்தார்கள். அப்பா நிஸிம் மெழுகுவத்தியும், தூளைக் கூட்டி அள்ள இறகும் மரக்கரண்டியுமாகக் கிளம்பினார். சோபாவுக்கு அடியில் ஒன்று. ரேடியோவுக்குப் பின்னால் ஒன்று. குடை வைக்கிற மூலையில், ஜன்னல் விளிம்பில், தையல் மெஷின் மேல்... கிடைக்கக் கிடைக்க மார்க்கோஸ் எண்ணினான்.

ஒன்பதோடு நின்றது.

"ஃபோர்த்துனா, இன்னொண்ணு எங்கே?"

"அது... அங்கதான்... பீரோ மேல... இல்ல..." அம்மாவின் விரல்கள் ஒன்றையொன்று பிசைந்தன. "இருங்க, சொல்றேன். இப்பத்தானே வெச்சேன்..."

"போதும்மா, பார்த்தாச்சு" என்று ஆரம்பித்த பெர்லா சட்டென்று நிறுத்தினாள். சுல்மா இருட்டில் நைசாக நடைப்பக்கம் நழுவுகிறாள்!

பூனை மாதிரி பின்னாலேயே போனாள். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சுல்மாவின் கை ஏப்ரன் பையிலிருந்து வெளியே வந்ததும், மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"லைட்டைப் போடுங்க! எல்லாரும் இங்க வாங்க!"

வெளிச்சம் வந்தது. சுல்மாவின் உள்ளங்கையில் ரொட்டிப் பொட்டலம். நூல் இல்லை.

"அம்மா ஒளிச்சதையே திருடியிருக்கா! நூலைக்கூட அவுத்தாச்சு பாருங்க, திங்கத் தயாரா! அய்யோ, மானம் போச்சே! ஒரு ராத்திரி வயித்தைக் கட்ட முடியாதாடி உனக்கு?"

சுல்மா வாயைத் திறந்தாள். பார்வை மாமியார் பக்கம் போயிற்று. பிறகு தலை குனிந்துகொண்டாள்.

"நான்தான் எடுத்தேன். பசிச்சுது. மன்னிச்சிடுங்க மாமா."

"சுல்மா... நீயா?" என்றான் மார்க்கோஸ். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பா அந்தப் பொட்டலத்தை வாங்கி மற்ற ஒன்பதோடு சேர்த்தார்.

அம்மாவுக்கு மட்டும் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா! நான் மறக்கலை! நான் சரியாத்தான் வெச்சிருக்கேன், இவ எடுத்துட்டா! பெர்லா, இனிமே அந்த இல்லத்துப் பேச்சை எடுத்தே, பாத்துக்கோ!"

"சரிம்மா, எடுக்கலை." பத்தும் சேர்ந்துவிட்ட பிறகு பெர்லாவுக்கும் சொன்ன சொல்லை மீறத் தோன்றவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வழியனுப்ப எல்லோரும் வந்தார்கள். சுல்மா கடைசியில் நின்றாள்.

"மருமக மேல ஒரு கண்ணு வெச்சுக்கோம்மா. இன்னிக்கு ரொட்டி, நாளைக்கு என்னவோ" என்றபடி கார் சாவிக்காகப் பைக்குள் கையை விட்டாள்.

கையில் என்னவோ தட்டுப்பட்டது. பையை விரித்துப் பார்த்தாள்.

சிறிய காகிதப் பொட்டலம். சிவப்பு நூல். இரண்டு முடிச்சு.

அம்மா பத்தாவதை இந்தப் பைக்குள்ளேயே ஒளித்துவிட்டு மறந்திருக்கிறாளென்றால், சுல்மா கையில் இருந்தது? ஒன்று குறைந்தால் அந்த இடத்தில் வைக்கலாம் என்று முன்கூட்டியே அவளே சுருட்டி வைத்துக்கொண்டது!

நிமிர்ந்தாள். எல்லோருக்கும் பின்னால் நின்ற சுல்மா, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

"என்னடி முழிக்கிறே? சாவியை எங்கேயோ மறந்துட்டியா?" அம்மா சிரித்தாள். "என்னைச் சொல்ல வந்துட்டா!"

"ஆமாம்மா, எனக்குத்தான் மறதி." பையை அழுத்தி மூடினாள் பெர்லா. "சுல்மா, காலையில நெருப்பு மூட்டும்போது நான் வர்ற வரைக்கும் இரும்மா. எரிக்க வேண்டியது எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு."