பங்க்கில் நிற்கும் படகு

"வீட்டுச் சாவிய எடுத்தியா, இல்ல வழக்கம்போலக் கதவுலயே விட்டுட்டியா?" என்று படகிலிருந்து வயர்லெஸ்ஸில் கேட்கிறார் என் கணவர். சிரித்தபடி கைப்பையைத் தடவுகிறேன். நான் வேலை பார்க்கும் துறைமுக அலுவலக ஜன்னலுக்கு வெளியே விடிந்துவிட்டது. ஆனால் மூடுபனியில் கடலையே காணோம். மேசைத் திரையில் மட்டும் அவருடைய படகு சிவப்புப் புள்ளியாகக் கரையை நோக்கி ஊர்கிறது. திடீரென்று அந்தப் புள்ளி துள்ளி, ஊருக்குள் பெட்ரோல் பங்க்கின் மேல் போய் உட்காருகிறது. "இங்கயும் பங்க்தான் காட்டுது. டீசல் போட்டுட்டு வரட்டுமா?" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படகில் இடம் காட்டும் கருவியைப் பொருத்திய கொழுந்தன் என் நாற்காலியை இறுகப் பிடிக்கிறான். "ரெண்டு நாட்டு சாட்டிலைட் சிக்னலும் ஒரே அலைவரிசை அண்ணி. ஒண்ணு இன்னொண்ண அமுக்குது. ரெண்டும் இருந்தா நல்லதுன்னுதானே போட்டோம்?" மைக்கைப் பிடுங்கிக் கத்துகிறான். "அண்ணே, இன்ஜின நிறுத்து! துறைமுக வாசல் பாறை எந்தப் பக்கம்னு தெரியல!" "நிறுத்துனா அலை தள்ளிட்டுப் போயிடும்டா. சும்மா இரு, பாறைல தண்ணி மோதுற சத்தம் கேக்குதான்னு பாக்குறேன்." அவர் மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்கிறது. இன்ஜின் தணிகிறது. "கேக்குது. ஆனா ரெண்டு பக்கமும்..." பலகை பிளக்கும் சத்தம். பிறகு வெறும் இரைச்சல். கொழுந்தன் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதன் மூலையில், 'துல்லியம்: நன்று' என்ற எழுத்துகள் பச்சையாகவே இருக்கின்றன.