நிறுத்திய பிறகும் வந்த பில்

"நிறுத்தின சர்வருக்கு எதுக்குப்பா மாசா மாசம் பில் வருது?"

கணக்குப் பிரிவு அக்கா பில்லை மேசையில் போட்டாள். அவன் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த பஸ் கம்பெனியில் அக்கா கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதம்கூட நகராது. பணத்தைச் சுருட்டுகிறான் என்று அவள் ஒரு வரி எழுதினால் போதும், வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"அக்கா, சத்தியமா நான் எதையும் தொடல. அது வண்டிகளோட பழைய புகார், ரிப்பேர் பதிவெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ். வெளி கம்பெனி சர்வர்ல வாடகைக்கு இருக்கு. நான் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க. நிறுத்தினா, ஓடுறதுக்கான காசு மட்டும்தான் நிக்கும். டேட்டா இருக்கிற இடத்துக்கு வாடகை வந்துக்கிட்டேதான் இருக்கும்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போனா கரண்ட் பில் குறையும். வீட்டு வாடகை குறையுமா? சாமானெல்லாம் உள்ளதானே இருக்கு?"

"எல்லாமே இருக்கா?"

"ஒரு எழுத்துகூட அழியலக்கா. வேணும்னா இப்பவே மொத்தமா அழிச்சிடறேன். அப்புறம் பில்லே வராது." அவன் மவுஸைப் பிடித்தான்.

"கையை எடு!"

அவள் போட்ட சத்தத்தில் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பில் வந்தாலும் திட்டு, வராமல் செய்கிறேன் என்றாலும் திட்டு. இந்த அக்காவிடம் எப்படித்தான் பிழைப்பது?

அவள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். "இப்ப சொன்னியே, அதை அப்படியே எழுது. என்னைக்கு நிறுத்தினாங்க, உள்ள எல்லாம் பத்திரமா இருக்குன்னு. தேதி போட்டுக் கையெழுத்துப் போடு."

தப்பித்தோம் என்று அவன் மடமடவென எழுதிக் கொடுத்தான். அவள் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். பிறகு மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மேனேஜருக்குத்தானேக்கா?"

"வக்கீலுக்கு." அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "பிரேக் பிடிக்கலைன்னு இங்க டிரைவரா இருந்த எங்க வீட்டுக்காரர் அதுல மூணு தடவை புகார் பதிஞ்சிருந்தார். சர்வரை நிறுத்தினதும் எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு நம்ம மேனேஜர் கோர்ட்ல சொல்லித்தான், பஸ் கவிழ்ந்ததுக்கு எங்க வீட்டுக்காரரை ஜெயில்ல போட்டிருக்காங்க."