மாமிக்குச் சரியாகக் கேட்கவில்லை

"அபிதகுஜாம்பாள்தானே? டெல்லி சைபர் பிரிவிலிருந்து இன்ஸ்பெக்டர் ராணா பேசறேன். உங்க பேருக்கு வந்த பார்சல்ல போதைப்பொருள்! நீங்க இப்ப டிஜிட்டல் அரெஸ்ட்!"

தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில், தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பிரணவ் உறுமினான். இன்றைக்கு ஒருத்தராவது சிக்காவிட்டால் நாளை முதல் வேலை கிடையாது என்று மேனேஜர் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தான்.

"ஐயையோ!" மாமியின் குரல் நடுங்கியது. "ஆனா ஒண்ணும் சரியா கேக்கலையே சார். மைக்கை வாய்க்குள்ளயே வெச்சுண்டிருக்கேளா? கொஞ்சம் தள்ளி வைங்கோ."

சனியன், இது வேறயா! தள்ளி வைத்துவிட்டு முதலிலிருந்து மிரட்டினான்.

"இப்ப பின்னாடி ஏதோ பிளேன் சத்தம்."

தாம்பரத்து விமானப்படை விமானம் ஒன்று தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"எங்க ஆபீஸ் டெல்லி ஏர்போர்ட் பக்கத்துல" என்று சமாளித்தான்.

"அப்ப பின்னாடி சத்தத்தைக் குறைக்க நாய்ஸ் ரிடக்‌ஷன்னு ஒண்ணு இருக்கும், அதைப் போடுங்கோ. என் மாட்டுப்பொண் ஆடியோ கதை பண்றா, அவளும் அதைத்தான் போடுவா."

போட்டான்.

"அச்சச்சோ, குரலும் சேர்ந்து அமுங்கிடுத்தே! பாதியா குறைங்கோ."

குறைத்தான். பார்சல், போதைப்பொருள், அரெஸ்ட் என்று மூன்றாவது முறையாக முழங்கினான். பாவம், தொண்டை வறண்டேபோனது.

"அடடா, இப்ப கணீர்னு இருக்கு! என்ன கம்பீரம் சார் உங்க குரல்ல! மாட்டுப்பொண் கதைக்கு ஒரு போலீஸ் குரல் கிடைக்காம அல்லாடிண்டிருக்கா. பண்ணித் தரேளா? உங்க பேரைக்கூடப் போடுவா. அட்ரஸ் சொன்னா நேர்லயே வரச் சொல்றேன்."

பிரணவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டப்பிங் வாய்ப்புக் கேட்டு அவன் ஏறி இறங்காத ஸ்டுடியோ இல்லை. ஒருத்தர்கூட இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேனேஜராவது மண்ணாவது!

"பிரணவ்னு போடச் சொல்லுங்க மாமி" என்றவன், முடிச்சூர் முகவரியைக் கதவு எண்ணோடு ஒப்பித்தான்.

"டெல்லின்னேளே?"

"லீவுல வந்திருக்கேன்."

மாலையில் அழைப்பு மணி அடித்தது. தலையை வாரிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

காக்கிச் சட்டையில் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள்.

"பேஷா பதிவாயிருக்கு சார். கோர்ட்ல போட்டுக் காட்டினா ஒரு வார்த்தைகூடப் பிசிறடிக்காது" என்றாள், அதே மாமியின் குரலில்.