ஏரி பார்த்த மாடம்

முன்ஷியிடம் தமிழ் படித்த ஹார்வி துரை அம்பத்தூர் ஏரிக்கரையில் வீடு கட்டினார்.

“என் நாயகி கப்பலில் வருகிறாள்” என்றார் கொத்தனார் ஜேசுராஜிடம். “ஏரி பார்க்க அவளுக்கு ஒரு மாடம் வேண்டும். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.”

“நின்னுகினு பாப்பாங்களா, உக்காந்துகினா?”

“மாலை முழுதும் அமர்ந்திருப்பாள்.”

“கவலைய வுடுங்க தொரை. கோயிலாட்டம் கட்டிக் குடுக்கறேன்.”

வேலூர் முகாமில் இருந்த இரண்டு மாதமும் துரை கனவு கண்டார். மாடத்தில் அவள். கீழே தண்ணீர். தண்ணீரிலும் அவள்.

துறைமுகத்திலிருந்து மனைவியை நேரே வீட்டுக்கு அழைத்து வந்தார். வீட்டுக்கு மேல்தளமே இல்லை.

“மாடம் எங்கே?”

ஜேசுராஜ் வாசல் சுவரைக் காட்டினார். விளக்கு வைக்கும் மாடம், ஒரு முழ உயரம். சுற்றிலும் சுண்ணாம்பில் பூவேலை. உள்ளே மல்லிகையும் மெழுகுவத்தியும்.

பிறகு அந்தப் பெண்மணியைப் பார்த்தார்.

“ஐயையோ, இவங்களா? நாயகின்னதும் மாதா சிலைன்னு இல்ல நெனச்சேன்! சம்சாரம்னு சொல்லக் கூடாதா தொரை?”



தமிழ் புரியாத அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு, மாடத்தின் கீழே வெறும்படியில் உட்கார்ந்தாள்.

“இங்கிருந்தே ஏரி முழுதும் தெரிகிறதே” என்றாள்.