பெயர் மாற்றம்

"படகை வித்த அந்தம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுதோ என்னவோ, சார்" என்று சொல்லி, பதிவு ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் ரசீதை டுவேன் பக்கம் தள்ளினாள். இது மூன்றாவது முறை.

டுவேன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். படகு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. படகில் 47. ரசீதில் 74.

இங்கேயே திருத்திக்கொள்ள முடியாதா என்று கேட்டார். விற்றவர் கைப்பட எழுத வேண்டும் என்றாள்.

"பழைய பதிவு இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இருக்கே. அதை வெச்சு ஒரு நாள் ஓட்டக் கூடாதா?"

"அது அவங்க பேர்ல இருக்கற பதிவு சார். வித்த தேதியோட அது முடிஞ்சு போச்சு."

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை மினசோட்டாவில் மீன்பிடிப் பருவம் திறக்கிறது. டுவேனின் தம்பி லைல் வெள்ளி இரவு அரிசோனாவிலிருந்து விமானத்தில் வருகிறான். ஜூனில் அவனுக்கு இதய அறுவை சிகிச்சை. அதற்கு முன் திறப்பு நாளன்று ஏரி நடுவில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தான்.

படகை ஏப்ரல் முதல் வாரம் வாங்கினார். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், விஸ்கான்சினில், இரண்டரை மணி நேரப் பயணம். விற்றவர் மார்லிஸ் என்ற எழுபது வயதுப் பெண்மணி. கணவர் ஹார்லன் போன இலையுதிர் காலத்தில் இறந்திருந்தார். படகு சுத்தமாக இருந்தது. அதை ஏற்றி இழுக்கும் டிரெய்லருக்குப் புது டயர்.

மார்லிஸ் காபி ஊற்றிக் கொடுத்தார். டுவேன் சமையலறை மேசையில் படிவத்தை நிரப்பும்போது எதிரே உட்கார்ந்திருந்தவர், "உங்க அஞ்சல் எண்ல ஒரு இலக்கம் விட்டுட்டீங்க" என்றார். டுவேன் எண்ணிப் பார்த்தார். விட்டிருந்தது.

திறப்பு நாளுக்கு யார் யார் போகிறீர்கள் என்றும் கேட்டார். நானும் தம்பியும் என்றார் டுவேன். "மூணு சீட் இருக்கே" என்றார் மார்லிஸ்.

முதல் முறை மார்லிஸ் படகின் உரிமைப் பத்திரத்தில் தேதியைத் தப்பாக எழுதி, அதன்மேல் ஒயிட்னர் பூசியிருந்தார். ஒயிட்னர் பட்ட பத்திரம் செல்லாது என்று கவுண்டரில் சொன்னார்கள். நகல் வர மூன்று வாரம் ஆயிற்று. இரண்டாம் முறை ரசீதில் படகு இருந்தது, டிரெய்லர் இல்லை. இப்போது எண்.

வீட்டில் மனைவி டெப் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. "படகு வாங்கினியா, பேப்பர் வாங்கினியான்னு லைல் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள்.

டுவேன் மார்லிசுக்குப் போன் செய்தார். குரலை உயர்த்தக் கூடாது என்று நினைத்திருந்தார். உயர்ந்துவிட்டது. மறுமுனையில் மார்லிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். படகையும் இழுத்துக்கொண்டு வரும்படி சொன்னார். எண்ணைக் கண்ணால் பார்த்து, மொத்தத்தையும் புதிதாக எழுதித் தருகிறாராம்.

வெள்ளி காலை டுவேன் கிளம்பினார். வழியெல்லாம் பேச வேண்டியதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். எதுவும் ஒரு விதவையிடம் சொல்லக்கூடியதாக இல்லை.

மார்லிஸ் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயிலில் மழைக்கோட்டு போட்டிருந்தார். காலடியில் ஒரு குளிர்பெட்டி. படகின் பக்கம் போய் எண்ணைப் பார்க்கவே இல்லை. எழுந்து ஓர் உறையை நீட்டினார்.

டுவேன் அதைக் காரின் பானட்டில் வைத்துப் பிரித்தார். புதிய பத்திரம். படகுக்கு ஒரு ரசீது, டிரெய்லருக்குத் தனி ரசீது. எண் 47 என்றே முடிந்தது. அடித்தல் இல்லை. டுவேன் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி. எல்லாவற்றுக்கும் அடியில் மினசோட்டா மீன்பிடி உரிமம் ஒன்று, மார்லிஸ் பெயரில்.

"இவ்வளவு சுத்தமா எழுதத் தெரியுமா உங்களுக்கு?"

"முப்பத்தோரு வருஷம் இந்த ஊர்ப் பதிவு ஆபீஸ்ல கவுண்டருக்கு உள்பக்கம் உக்காந்திருந்தேன்" என்றார் மார்லிஸ். "இந்தப் படகை என் பேர்ல பதிவு பண்ணினதும் நான், புதுப்பிச்சதும் நான். ஹார்லன் கூட்டாளிங்களோட போவார். அடுத்த வருஷம் நீயும் வான்னுவார். அதைச் சொல்லிட்டேதான் போய்ச் சேர்ந்தார்."

டுவேன் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். அப்போதுதான் விற்பனைத் தேதி கண்ணில் பட்டது.

"மார்லிஸ், இது வர்ற திங்கட்கிழமை தேதி."

"அதுல தப்பு இல்ல" என்றார் மார்லிஸ். குளிர்பெட்டியைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார். "அதுவரைக்கும் இது என் படகு, என் பதிவு. முன் சீட் எனக்கு."