பாதியில் அறுந்த சுற்று

ஒரு கணினிக்குள்ளே, பாட்டுக்காரர் ஒருவர் வைத்திருந்த இசைக்கருவியில், அக்காளும் தங்கையுமாக இரண்டு ஒலியலைகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காள் தன் சுற்றை முடித்ததும், தங்கை எந்த இடத்தில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டுக்காரர் திரையில் ஒரு குமிழைத் திருகி அதைக் கட்டாயமாக்கியிருந்தார்.

தங்கைக்கு இருப்பே கொள்ளவில்லை. "அக்கா, இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுட்டு வந்துடறேனே!"

"நான் முடிச்சாச்சு. வாடி!"

தங்கை வேகமாக ஓடிப் பார்த்தாள். ஒரு சுற்று முடிந்தது, அடுத்தது பாதியில் அறுந்தது. அறுந்த இடத்தில் கிறீச்சென்று சத்தம் வந்தது. பாட்டுக்காரருக்கு அது பிடித்துப்போய், இன்னொரு குமிழையும் திருகினார். இப்போது தங்கையின் ஆட்டம் அக்காளைப் பிடித்துத் தள்ளியது.

தங்கைக்கு ஒரே சந்தோஷம். ஓங்கித் தள்ளினாள். அக்காள் தடுமாறி இன்னும் வேகமாகச் சுற்றினாள். அவள் சுற்று சீக்கிரமே முடிந்துவிட, தங்கையின் முதல் சுற்றே பாதியில் போயிற்று.

"ஐயோ, மெதுவா போக்கா!"

"நீ தள்ளாம இருடி, நான் மெதுவா போறேன்."

"நீ கூப்பிடாம இரு, நான் தள்ளாம இருக்கேன்."

பாட்டுக்காரர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே சத்தத்தைக் கூட்டி வைத்தார்.