கரையில் விட்ட நூல்

"கொஞ்சங்கூட வெட்கமே இல்லையா அவளுக்கு!"

எர்சீலியா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள். அழுகையும் நிற்கவில்லை, திட்டும் நிற்கவில்லை.

நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து எங்கள் கப்பல் அப்போதுதான் கிளம்பியிருந்தது. அமெரிக்கா போகிறவர்கள் கையில் கம்பளி நூலின் முனை இருக்கும். கரையில் நிற்கிற அம்மா கையில் நூலுண்டை இருக்கும். கப்பல் நகர நகர உண்டை பிரியும். தீர்ந்ததும் அம்மா விட்டுவிட வேண்டியதுதான். நூல் மட்டும் நம்மோடு வரும். எங்கள் பக்கத்து வழக்கம் அது.

அந்த நூலை நெஞ்சோடு அணைத்து ஆளாளுக்கு ஒப்பாரி வைத்த நேரத்தில்தான் செராபினா என்கிற அந்த விதவை கூடையோடு வந்து நின்றாள்.

"நூல் இருந்தா குடுங்க."

"எதுக்கு?"

"வேணும். அதான் கேக்கிறேன்."

எழவு வீட்டில் வந்து இரவல் கேட்கிற மாதிரி இருந்தது.

"இந்தா, எடுத்துக்கிட்டுத் தொலை!" எர்சீலியா அக்கா தன் பச்சை நூலை அவள் முகத்திலேயே விட்டெறிந்தாள். "எங்கம்மா கையால நூத்தது. வித்துத் தின்னு!"

செராபினா குனிந்து பொறுக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். சனியன் விட்டால் போதும் என்று பாதிப் பேர் கொடுத்துவிட்டோம்.

அன்றைக்கே பின்ன ஆரம்பித்தவள்தான். கடல் கொந்தளித்து நாங்கள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தபோதும் மூலையில் அவள் ஊசி ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, நியூயார்க்கில கடை போடப் போறியா?" என்று கேட்டேன்.

"ஆமா. உனக்குத் தள்ளுபடி கிடையாது."

வாய்க்கொழுப்பைப் பாருங்கள்!

நடுக்கடலில் அசுந்தாவுக்கு வலி கண்டது. சின்னப் பெண். நியூயார்க்கில் சுரங்கப்பாதை தோண்டுகிற புருஷனிடம் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். வயிற்றைச் சால்வையால் மறைத்தே வைத்திருந்தாள். எங்களில் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை.

கப்பல் டாக்டர் ஓடி வந்தார். பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது.

"பிழைச்சுக்கும். ஆனா குளிர் மட்டும் படவே கூடாது," என்றார் டாக்டர். "நியூயார்க்ல இறங்க விடறதுக்கு முன்னாடி ஒரு தீவுல வச்சுச் சோதிப்பாங்க. காய்ச்சல்னு தெரிஞ்சா பிள்ளையை ஆஸ்பத்திரியில வச்சுக்குவாங்க. தாயைக் கிட்டவே விட மாட்டாங்க."

அசுந்தா ஓவென்று அழுதாள். எங்களிடம் இருந்ததோ மெல்லிசான பருத்தித் துணி. வெளியே பிப்ரவரி மாதக் காற்று.

எர்சீலியா அக்கா விறுவிறுவென்று மூலைக்குப் போனாள்.

"ஏண்டி, நீ ஒரு மனுஷியா? பெத்தவ அங்க கிடந்து துடிக்கிறா, நீ ஊசி ஓட்டிக்கிட்டிருக்கே! அதைக் குடு இப்படி."

"முடியலை."

"குடுக்க மனசில்லைன்னு சொல்லு!"

"இன்னும் பின்னி முடியலை." செராபினா தலையை நிமிர்த்தவே இல்லை.

"உருப்படுவியா நீ!" என்று அக்கா மண்ணை வாரித் தூற்றாத குறை. நாங்கள் அவரவர் உள்பாவாடையைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றினோம்.

நியூயார்க் வந்தது. மேல்தட்டுச் சீமான்கள் கப்பலை விட்டு நேரே ஊருக்குள் போனார்கள். எங்களை ஒரு திறந்த படகில் நெருக்கி ஏற்றித் தீவுக்கு அனுப்பினார்கள். காற்று ஊசியாய்க் குத்தியது. குழந்தையின் உதடு நீலமாகத் தொடங்கியது.

"தள்ளுங்க, தள்ளுங்க!"

கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு செராபினா வந்தாள். கூடையிலிருந்து எடுத்து உதறினாள். பச்சை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாங்கள் கொடுத்த நூலெல்லாம் சேர்ந்த கனத்த போர்வை! குழந்தையை மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி சுற்றி அசுந்தாவின் மார்போடு சேர்த்துக் கட்டினாள்.

எர்சீலியா அக்கா போர்வையில் தன் பச்சை நூலைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

"இவ வயித்துல பிள்ளை இருந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கப்பல் ஏணிப்படியில எனக்கு முன்னாடி ஏறினா. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஏறின தினுசைப் பார்த்தேன்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"உன்கிட்டயா? அரை மணியில கேப்டன் காதுக்குப் போயிருக்கும். வழியில பலெர்மோவில கப்பல் நின்னப்பவே இவளை இறக்கி விட்டிருப்பான்."

படகில் எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள், அழுதுகொண்டே.

தீவில் டாக்டர் போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "நல்லா வெதுவெதுன்னு இருக்கே!" என்று தலையாட்டினார். அசுந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எங்கள் பாஷை தெரிந்த அதிகாரி அடுத்துக் கேட்டார். "குழந்தைக்கு எந்த ஊர்?"

அசுந்தா திருதிருவென்று விழித்தாள். நடுக்கடலுக்கு என்ன பேர் சொல்வாள்?

"எங்க ஊருங்க!" எர்சீலியா அக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். "அந்தப் பச்சையைப் பாருங்க, எங்கம்மா நூத்தது. பொட்டென்சா!"

"சிவப்பு எங்களுது, பாரி!"

"மஞ்சள் எங்க அவெல்லினோ!"

மண்டபம் அதிர்ந்தது. அதுவரை கூனிக் குறுகி நின்ற நாங்கள், அங்கே ராஜா வீட்டு ஆட்கள் மாதிரி நின்றோம்.

அதிகாரி சிரித்துவிட்டு செராபினா பக்கம் திரும்பினார். "பின்னினது நீங்கதானாம்மா? இதில உங்க நூல் எது?"

செராபினா ஊசிகளைக் கூடையில் செருகினாள்.

"எனக்கு நூல் பிடிக்கக் கரையில யாரும் இல்லைங்க. அதான், இவங்க எல்லாரோட அம்மாவையும் இந்தப் பிள்ளைக்குத் துணையா கூட்டிக்கிட்டு வந்தேன்."